பாதி வழியில் நிற்கும் மெட்ரிக்: அம்பத்தூர் முதல் செம்பரம்பாக்கம் வரை ஓர் ஆய்வு

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடியது. சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானத்துக்காக அந்த மாநாடு இன்றும் பேசப்படுகிறது. அதே ஆண்டு ஏப்ரலில் மக்களவை நிறைவேற்றிய இன்னொரு தீர்மானத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. நாடு முழுவதும் மெட்ரிக் அடிப்படையில் ஒரே சீரான எடையும் அளவும் வேண்டும் என்றது அது. அடுத்த ஆண்டு எடை, அளவுகள் தரநிர்ணயச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் 16 அணா ரூபாய் 100 நயா பைசா ஆயிற்று. 1958 அக்டோபரில் தேர்ந்தெடுத்த பகுதிகளில் கிலோ எடைக்கற்கள் வந்தன. 1962 ஏப்ரல் முதல் வணிகத்தில் வேறு எடைகள் செல்லாது என்றாயிற்று.

அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்த மாற்றம் எங்கே முழுமை பெற்றது, எங்கே பாதியில் நின்றது, நின்றதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அதை ஆராய அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரம் நல்ல களம். மைக்ரான் பார்க்கும் தொழிற்பேட்டை, கிலோ பார்க்கும் சந்தை, கிரவுண்டும் சென்டும் பேசும் மனைச் சந்தை, கன அடியில் கணக்கு வைக்கும் ஏரி என நான்கும் இங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

மீட்டருக்கு முன்

பழைய அளவுகள் அறிவற்றவை அல்ல. எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், எட்டு வீசை ஒரு மணங்கு என்று அவற்றுக்குள் ஒழுங்கு இருந்தது. அந்த ஒழுங்கு ஊர் எல்லையைத் தாண்டவில்லை என்பதுதான் சிக்கல். சென்னை மணங்கு 25 பவுண்டு, அதாவது சுமார் 11.3 கிலோ. அதே பெயரில் வங்காளத்தில் புழங்கிய எடை சுமார் 37.3 கிலோ. படியிலும் பெரிய படி, சின்ன படி என்று வேறுபாடு. ஒரே படியைத் தலைதட்டி அளந்தால் ஒரு கணக்கு, கும்பமாக அளந்தால் இன்னொரு கணக்கு. குத்தகை நெல்லை வாங்குபவர் கும்பமாகவும், கூலி நெல்லைக் கொடுப்பவர் தலைதட்டியும் அளக்க இது வசதி செய்தது. அளவு நிலையாக இல்லாத இடத்தில் இழப்பு எப்போதும் எளியவருக்கே.

அளவு நிலையாக இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஓர் அரிய பாடம் இருக்கிறது. 1802 ஏப்ரல் 10 அன்று நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நீளம் ஏழரை மைல், சுமார் 12 கிலோமீட்டர். பின்னாளில் இமயம்வரை சென்ற மாபெரும் முக்கோண நில அளவையின் தொடக்கம் அது. அளவுக்கருவி 100 அடி எஃகுச் சங்கிலி. வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் அதை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானிகளை வைத்து, வெப்பநிலைக்கு ஏற்ப நீளத்தைத் திருத்திக் கணக்கிட்டார்கள். எதைக் கொண்டு அளக்கிறோமோ அதையே முதலில் அளந்து பார்க்க வேண்டும் என்ற அடிப்படை விதி அங்கே செயல்வடிவில் நின்றது.

மீட்டர் என்ற அளவு நம் மண்ணுக்கு 1955-க்கு முன்பே தண்டவாளத்தின் வழியாக வந்துவிட்டது. 1870-களில் இந்தியாவை மெட்ரிக் முறைக்குக் கொண்டுவரும் எண்ணம் அரசுக்கு இருந்தது. அதனால்தான் அகலம் குறைந்த புதிய பாதைகளுக்கு ஒரு மீட்டர் இடைவெளி தேர்ந்தெடுக்கப்பட்டது. எடை அளவுகளுக்கான அன்றைய சட்டம் நடைமுறைக்கு வரவே இல்லை. மீட்டர்கேஜ் மட்டும் நிலைத்தது. ராயபுரத்திலிருந்து 1856-இல் அம்பத்தூர், ஆவடி வழியாகப் போடப்பட்ட பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம். இன்று ரயில்வே ஆவணங்களில் அது 1676 மில்லிமீட்டர். அளவு மாறவில்லை, எழுதும் அலகு மட்டும் மாறியது. மெட்ரிக் மாற்றத்தின் பெரும் பகுதி இப்படித்தான் நடந்திருக்கிறது.

அலகு எங்கே பிறக்கிறது

அறிவியல் அளவீட்டின் அடித்தளம் எளிது. எந்த அளவீடும் ஓர் எண்ணும் ஓர் அலகும் சேர்ந்தது. உலகில் அளக்கக்கூடிய எல்லாவற்றையும் ஏழு அடிப்படை அலகுகளைக் கொண்டு சொல்லிவிடலாம். நீளத்துக்கு மீட்டர், நிறைக்குக் கிலோகிராம், காலத்துக்கு வினாடி, மின்னோட்டத்துக்கு ஆம்பியர், வெப்பநிலைக்குக் கெல்வின், பொருளின் அளவுக்கு மோல், ஒளிச்செறிவுக்குக் கேண்டிலா. வேகம், விசை, அழுத்தம், ஆற்றல் எல்லாம் இவற்றின் பெருக்கலும் வகுத்தலும்தான். வீட்டு மின்கட்டண அட்டையில் வரும் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. அதை அடிப்படை அலகுகளுக்குக் கொண்டுவந்தால் 36 லட்சம் ஜூல்.

மெட்ரிக்கின் வலிமை அதன் பத்தடுக்கில் இருக்கிறது. மில்லி, சென்டி, கிலோ, மெகா என்ற முன்னொட்டுகளை வைத்துப் புள்ளியை நகர்த்தினால் போதும். பன்னிரண்டு அங்குலம் ஓர் அடி, மூன்றடி ஒரு கெஜம், 1,760 கெஜம் ஒரு மைல் என்ற மனப்பாடம் தேவையில்லை. அதைவிடப் பெரிய வலிமை, அலகுகள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பது. பத்து சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் கொள்ளளவு ஒரு லிட்டர். அதில் நிரம்பும் தண்ணீர் ஏறத்தாழ ஒரு கிலோ. இந்தப் பிணைப்பு ஏரியின் கணக்கில் எவ்வளவு உதவும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

1875 மே 20 அன்று பாரிசில் 17 நாடுகள் மீட்டர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இந்தியா 1957-இல் சேர்ந்தது. 1960-இல் உருவான பன்னாட்டு அலகு முறையைத்தான் எஸ்.ஐ. என்கிறோம். இந்தியாவுக்கென வந்த கிலோகிராம் மூலப்படி 57-ஆம் எண் கொண்டது. பிளாட்டினம், இரிடியம் கலந்த அந்தச் சிறிய உருளை டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. 1950-இல் திறக்கப்பட்ட அந்த ஆய்வகத்தின் முதல் இயக்குநர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். நாட்டின் நீளத்துக்கும் எடைக்கும் நேரத்துக்கும் பொறுப்பேற்ற நிறுவனத்தைத் தொடங்கி நடத்தியவர் ஒரு தமிழர் என்பதை நம் பாடநூல்கள் இன்னும் உரக்கச் சொல்லலாம்.

உலோக உருளைக்கும் ஒரு குறை உண்டு. நூறாண்டுகளில் பாரிசின் மூலக் கிலோவுக்கும் அதன் படிகளுக்கும் இடையே சுமார் 50 மைக்ரோகிராம் வேறுபாடு தெரிந்தது. எனவே 2019 மே 20 முதல் கிலோகிராம் எந்தப் பொருளையும் சார்ந்திருக்கவில்லை. பிளாங்க் மாறிலிக்குத் திட்டவட்டமான ஒரு மதிப்பைக் கொடுத்து, அதிலிருந்து கிலோ வரையறுக்கப்படுகிறது. மீட்டர் 1983 முதலே ஒளியின் வேகத்தைச் சார்ந்தது. ஒளி ஒரு வினாடியில் 29,97,92,458 மீட்டர் செல்லும் என்பதே வரையறை. இன்று எந்த நாட்டு ஆய்வகமும் யாரிடமும் கடன் வாங்காமல் கிலோவை உருவாக்கிச் சரிபார்க்கலாம். யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம் என்பதுதான் அளவீட்டு அறிவியலின் மையக் கொள்கை. இதை மனதில் வைத்துக்கொண்டு புறநகருக்கு வருவோம்.

தொழிற்பேட்டையில் ஒரு மைக்ரான்

டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் அம்பத்தூரில் நிறுவப்பட்டது. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை 1965-இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பியது. 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கியது. பாடியில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன. சக்கரம், பிரேக், போல்ட், மின்சாதனம் என்று ஒரு வாகனத்தின் பாதி இந்த வட்டாரத்தில் உருவாகும் நிலை வந்தது. ஒருவர் செய்த போல்ட் இன்னொருவர் செய்த நட்டில் தடையின்றி ஏற வேண்டும். இந்தத் தேவை எந்தச் சட்டத்தையும்விட வேகமாக மெட்ரிக்கைப் பரப்பியது.

ஒரு சிறிய லேத் பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் விட்டம் 25 மில்லிமீட்டர், கூடுதல் குறைவு 0.02 என்று இருக்கிறது. 0.02 மில்லிமீட்டர் மீச்சிற்றளவு கொண்ட வெர்னியர் இங்கே போதாது. டாலரன்ஸும் (அனுமதித்த கூடுதல் குறைவு) கருவியின் மீச்சிற்றளவும் ஒன்றாக இருந்தால் எல்லையில் நிற்கும் ஜாப் (கடைந்த உருப்படி) தேறுமா தேறாதா என்று சொல்ல முடியாது. மைக்ரோமீட்டர் 0.01 வரை காட்டும். அதிலும் முதலில் பூஜ்யம் சரியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பூஜ்யப்பிழை உள்ள கருவி நூறு முறையும் ஒரே அளவைக் காட்டலாம், நூறு முறையும் தவறாகக் காட்டலாம். அளவுகள் ஒன்றுக்கொன்று நெருங்கி வருவது வேறு, உண்மை மதிப்புக்கு நெருங்கி வருவது வேறு. பல ஜாப்கள் ரிஜெக்ட் ஆவது இந்த வேறுபாடு பிடிபடாததால்தான்.

அடுத்தது வெப்பம். உலகெங்கும் நீள அளவுகள் 20 டிகிரி செல்சியஸில் இருப்பதாகக் கொள்ளப்படுகின்றன. மே மாதத்தில் தகரக் கூரையின் கீழ் 40 டிகிரி சாதாரணம். இந்த 20 டிகிரி வேறுபாட்டில் 100 மில்லிமீட்டர் எஃகு சுமார் 23 மைக்ரான், அதாவது 0.023 மில்லிமீட்டர், நீளும். அலுமினியம் சுமார் 46 மைக்ரான் நீளும். எஃகுக் கருவியால் எஃகு ஜாபை அளந்தால் இரண்டும் சேர்ந்து நீளும், பிழை பெரும்பாலும் கழிந்துபோகும். எஃகுக் கருவியால் அலுமினியப் பிஸ்டனை அளந்தால் 23 மைக்ரான் பிழை அப்படியே தங்கிவிடும். 10 மைக்ரான் டாலரன்ஸ் கேட்கும் வாடிக்கையாளரிடம் அந்த ஜாப் நிற்காது. அளவு அறைக்குக் குளிர்சாதனம் வைப்பதும், ஜாபை அங்கே கொஞ்ச நேரம் ஆறவிட்டு அளப்பதும் ஆடம்பரம் அல்ல. லாம்டன் சங்கிலிக்குப் பக்கத்தில் வெப்பமானி வைத்த அதே காரணம்தான்.

பட்டறையின் மைக்ரோமீட்டரைக் கேஜ் பிளாக் கொண்டு சரிபார்க்கிறார்கள். அந்த பிளாக்கை அங்கீகாரம் பெற்ற காலிபரேஷன் கூடம் சரிபார்க்கிறது. அந்தக் கூடத்தின் மூல அளவு டெல்லி ஆய்வகத்தின் அளவோடு ஒப்பிடப்படுகிறது. அம்பத்தூரில் ஒட்டப்படும் ஒரு காலிபரேஷன் சீட்டு இவ்வாறு ஒளியின் வேகம்வரை போய்ச் சேர்கிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் மீதிக் கண்ணிகளால் பயனில்லை.

இங்கேயும் அங்குலம் முற்றிலும் போய்விடவில்லை. கார் டயரின் பக்கச்சுவரில் 165/80 ஆர்14 என்று பார்க்கலாம். 165 என்பது மில்லிமீட்டரில் அகலம். 80 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரத்தின் விழுக்காடு. 14 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். ஹார்டுவேர் கடையில் அரை இன்ச் பைப் கேட்டால் கிடைக்கும் இரும்புக் குழாயின் வெளிவிட்டம் ஏறத்தாழ 21 மில்லிமீட்டர். கட்டுமானக் கம்பி 8, 10, 12 மில்லிமீட்டரில் வந்தாலும் மேஸ்திரி வாயில் அது மூணு நூல், நாலு நூல் கம்பிதான். நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, 3.175 மில்லிமீட்டர். இவை பெரும்பாலும் தீங்கற்றவை. வாங்குபவர், விற்பவர், பொருத்துபவர் மூவருக்கும் ஒரே பொருள் புரிகிறது, தவறினால் பொருத்தும்போதே தெரிந்துவிடுகிறது. தொழிற்பேட்டையில் மெட்ரிக் வென்றுவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

சந்தையும் முத்திரையும்

சந்தையில் மெட்ரிக் சட்டத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் எஸ்.ஐ. முறையை ஏற்றது. இப்போது நடைமுறையில் இருப்பது 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம், 2011 ஏப்ரல் 1 முதல் செயலில் உள்ளது. தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறை நடத்துகிறது. முத்திரை ஆய்வாளர் கடைத் தராசைச் சோதித்து முத்திரையிடுவார். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை வேண்டும், எடைக்கற்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. பெட்ரோல் பங்கில் சந்தேகம் வந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக்கலனில் பிடித்துக் காட்டச் சொல்ல வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு.

இந்த உரிமைகள் பெரும்பாலோருக்குத் தெரியாது. ஆனால் தெரிந்தவர் ஒருவர் இருந்தாலும் அவரால் சோதிக்க முடியும். அலகு ஒன்றே என்பதால் அம்பத்தூரில் வாங்கிய காய்கறியைப் பூந்தமல்லியில் உள்ள எந்தத் தராசிலும் வைத்துப் பார்க்கலாம். தெருவோரத்தில் மல்லிகைப்பூ மட்டும் இன்னமும் முழக்கணக்கு. கோயம்பேட்டில் கிலோவில் வாங்கிய பூ தொடுக்கப்பட்டதும் விற்பவரின் கையளவுக்கு மாறிவிடுகிறது. பூவின் விலையும் தொடுத்த உழைப்பும் அதில் கலந்திருப்பதால் அதை நாம் குறையாகப் பார்ப்பதில்லை. பத்து, இருபது ரூபாயில் முடிந்துவிடும் கணக்கு அது. லட்சங்களில் போகும் கணக்கு அப்படியல்ல.

மனையின் கணக்கு

ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் மனை வாங்குபவர் மூன்று கணக்குகளைச் சந்திக்கிறார். தரகர் பேசுவது கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி. கொஞ்சம் மேற்கே போனால் சென்ட், 435.6 சதுர அடி. விலை பேசுவது சதுர அடிக்கு இவ்வளவு என்று. பட்டாவைக் கையில் எடுத்தால் ஹெக்டேர், ஏர். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், சுமார் 1,076 சதுர அடி. ஒரு கிரவுண்டு சுமார் 223 சதுர மீட்டர், அதாவது 2.23 ஏர், அல்லது ஐந்தரைச் சென்ட்.

வாங்குபவர் வாயால் கேட்ட அளவையும் ஆவணத்தில் உள்ள அளவையும் தானே ஒப்பிட முடியாத நிலை இது. ஏரில் ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் பரப்பு பத்து மடங்கு மாறிவிடும். 0.1 ஏர் வேறுபாடு என்றால் பார்வைக்கு ஒன்றுமில்லை, நிலத்தில் அது சுமார் 108 சதுர அடி, ஒரு சிறிய அறை. வாழ்நாள் சேமிப்பைப் போடும் ஒரு குடும்பம் இந்த மாற்றத்தைப் பிறர் சொல்லித்தான் நம்ப வேண்டியிருக்கிறது. இங்கே மெட்ரிக் ஆவணத்துக்குள் மட்டும் நுழைந்தது, பேச்சுக்குள் வரவில்லை. அரசு அதற்கு முயலவும் இல்லை.

ஏரியின் கணக்கு

பூந்தமல்லிக்கு மேற்கே இருக்கும் செம்பரம்பாக்கம் ஏரியில்தான் இந்தக் குழப்பம் மிகப் பெரிதாகத் தெரிகிறது. முழு நீர்மட்டம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. திறந்துவிடும் நீர் வினாடிக்கு இத்தனை கன அடி. பெய்த மழையோ சென்டிமீட்டரில் அறிவிக்கப்படுகிறது. அதே ஏரியின் நீரை எடுக்கும் சுத்திகரிப்பு நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 530 மில்லியன் லிட்டர். ஒரே நீர் ஏரிக்குள் அடியாகவும், மதகில் கன அடியாகவும், குழாயில் லிட்டராகவும் இருக்கிறது.

இதை ஒரே அலகில் எழுதிப் பார்ப்போம். 3,645 மில்லியன் கன அடி என்பது சுமார் 10,320 கோடி லிட்டர். சுத்திகரிப்பு நிலையம் முழுத் திறனில் எடுப்பது நாளுக்கு 53 கோடி லிட்டர். ஆவியாதலையும் வரத்தையும் விட்டுவிட்டால் நிரம்பிய ஏரி ஏறத்தாழ 195 நாளுக்கு வரும். பத்தாம் வகுப்பு மாணவி ஒரு நிமிடத்தில் போடும் வகுத்தல் இது. கன அடிக்கும் லிட்டருக்கும் இடையே உள்ள 28.317 என்ற எண் குறுக்கே நிற்பதால் பெரும்பாலோர் இதைப் போட்டுப் பார்த்ததே இல்லை.

வெள்ளத்தில் இதன் விலை இன்னும் கூடுதல். 2015 டிசம்பர் 1 அன்று இரவு ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அடையாற்றின் கரையில் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த எண் எதையாவது உணர்த்தியிருக்கும்? அது வினாடிக்கு சுமார் 820 கன மீட்டர், 8.2 லட்சம் லிட்டர். தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் வினாடிக்கு 68 வீதம் ஆற்றில் கொட்டுவதற்குச் சமம். இப்படிச் சொல்லியிருந்தால் வெள்ளம் குறைந்திருக்காது. ஆனால் எச்சரிக்கை கேட்பவருக்குப் புரிந்திருக்கும்.

மழையின் கணக்கில் மெட்ரிக் தன் முழு அழகைக் காட்டுகிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர். எந்தப் பெருக்கெண்ணும் தேவையில்லை. 223 சதுர மீட்டர் மனையில் 10 சென்டிமீட்டர் மழை என்றால் 22,300 லிட்டர். மழைநீர் சேகரிப்புத் தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை வீட்டுக்காரரே போட்டுக்கொள்ளலாம். நான்கு அங்குல மழை, 2,400 சதுர அடி என்று தொடங்கினால் பன்னிரண்டால் வகுத்து, கன அடி கண்டு, மறுபடி 28.3-ஆல் பெருக்க வேண்டும்.

நீர்வளத் துறை கன அடியில் இருப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மதகுகளின் பழைய அட்டவணைகளும் நூற்றாண்டுக் கால ஏரிப் பதிவேடுகளும் அடிக்கணக்கில் உள்ளன. மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்ப் பேச்சு முழுவதும் டி.எம்.சி.யில், அதாவது ஆயிரம் மில்லியன் கன அடியில், நடக்கிறது. பழைய பதிவுகளோடு ஒப்பிடும் வசதியும் பொறியாளர்களின் பழக்கமும் மதிக்கத் தக்கவை. ஆனால் அவை அலுவலகத்துக்குள் தேவைப்படும் காரணங்கள். பொதுமக்களுக்கான அறிவிப்புக்கு அவை பொருந்தாது. பெருக்கி எழுதக் கணினி ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளாது.

பள்ளியில் தொடங்க வேண்டியது

பதினோராம் வகுப்பு இயற்பியல் முதல் பாடமே அலகுகளும் அளவீடுகளும். மாணவர்கள் பரிமாணச் சமன்பாடுகளை எழுதுகிறார்கள், வெர்னியரின் மீச்சிற்றளவைக் கணக்கிடுகிறார்கள். பள்ளிச் சுவருக்கு வெளியே உள்ள ஏரியும் பட்டாவும் பட்டறையும் அந்தப் பாடத்துக்குள் வருவதில்லை. ஆவடியில் ஒரு பள்ளி தன் கூரைப் பரப்பை அளந்து, ஒரு மழைநாளின் மில்லிமீட்டரால் பெருக்கி, தொட்டியில் சேர்ந்த லிட்டரோடு ஒப்பிடட்டும். இரண்டும் ஒத்துப்போகாது. ஏன் ஒத்துப்போகவில்லை என்று தேடும்போதுதான் பிழை என்பதன் பொருளும், எத்தனை இலக்கம்வரை நம்பலாம் என்பதன் பொருளும் புரியும். மழைமானியில் முழு மில்லிமீட்டர்தான் தெரிகிறது என்றால் விடையை மூன்று தசமத்துக்கு எழுதுவது அறிவியல் அல்ல.

முடிவுரை

ஆய்ந்த நான்கு இடங்களிலும் ஓர் ஒழுங்கு தெரிகிறது. தவறு உடனே நட்டமாகத் திரும்பும் தொழிற்பேட்டையில் மெட்ரிக் தானாக வேரூன்றியது. சட்டமும் முத்திரையும் இருந்த சந்தையில் பெருமளவு நிலைத்தது. நிலத்தில் ஆவணத்தோடு நின்றது. நீரில் அரசின் வாயிலேயே நின்றுபோனது. விவரம் அறிந்தவர் ஒரு பக்கமும் அறியாதவர் மறுபக்கமும் இருக்கும் இடங்களில்தான் பழைய அலகுகள் உயிரோடு இருக்கின்றன. அங்கே புரியாமையின் விலையை அறியாதவரே கொடுக்கிறார்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. செம்பரம்பாக்கம், பூண்டி, புழல் ஏரிகளின் அன்றாட அறிவிப்பில் மீட்டரும் கோடி லிட்டரும் முதலில் வரட்டும், கன அடி அடுத்த வரியில் இருக்கட்டும். மனை விற்பனை விளம்பரங்களில் சதுர மீட்டர் கட்டாயமாகட்டும், பட்டாவில் ஏரோடு சதுர மீட்டரும் அச்சாகட்டும். முத்திரை ஆய்வைப் பற்றிய உரிமைகள் ஒவ்வொரு சந்தையின் வாசலிலும் தமிழில் எழுதப்படட்டும். சிறு பட்டறைகளுக்கு மலிவான காலிபரேஷன் வசதி தொழிற்பேட்டைக்குள்ளேயே கிடைக்கட்டும்.

1955-இல் மக்களவை கேட்டது ஒரே சீரான அளவு. அதன் நோக்கம் வணிக வசதி மட்டும் அல்ல. அளப்பவரும் அளந்து வாங்குபவரும் சமமாக நிற்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள். குடிமகன் தானே சரிபார்க்கக்கூடிய அளவுதான் நியாயமான அளவு. தொழிற்பேட்டையின் ஒரு போல்ட்டுக்கு நாம் கொடுக்கும் அந்த நியாயத்தை நிலத்துக்கும் தண்ணீருக்கும் கொடுத்தாக வேண்டும்.